72 கிலோவைக் கழற்றினேன், 0.3 வினாடி கிடைத்தது

போன சனிக்கிழமை சிப்பாங் பந்தயத் தளத்தில் என் காடி ஒரு சுற்றை 2:59.9-இல் முடித்தது. மூன்று நிமிடத்துக்குக் கீழே இறங்க ஐந்து மாதம் ஆனது, மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) ஆனது. ஊருக்குச் சொல்லிப் பெருமைப்படும் நேரமில்லை இது. அன்றைக்கே ஒரு சிவிக் டைப் ஆர் அரைமணி நேரத்துக்குள் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போய்விட்டது. ஆனாலும் நடுவில் நான் செய்த கோமாளித்தனங்களை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வண்டி 1990 மஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர், 115 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காயில்ஓவரும் (வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றும் ஸ்பிரிங்) கனமான 15 அங்குல ரிம்மும் போட்டிருந்தார். நான் வாங்கியதும் முதலில் போட்டது உருளல் தடுப்புக் கம்பி. மேல்கூரை துணியாக இருக்கும் காடியில் தளத்துக்குப் போகிறவனுக்கு அது தலைக்காப்பு. அதன் எடை 16 கிலோ. கீழே வரும் கழித்தல் கணக்கு எதிலும் அதை நான் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன்.

எடை குறைக்கும் பைத்தியம் பிடித்தது லோட்டஸ் எலிஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காடியைப் பார்த்துத்தான். 1996-இல் புரோட்டோன் லோட்டஸை வாங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நம்ம ஊர்க் கம்பெனி இங்கிலாந்துக் கம்பெனியை வாங்கிவிட்டது என்று அப்பா பேப்பரை மடித்து வைத்துப் பேசியது இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சமயத்தில் வந்த முதல் எலிஸின் சட்டகம் பசை போட்டு ஒட்டிய அலுமினியம். இஞ்சின் 118 குதிரைத்திறன், மொத்த எடை 725 கிலோ பக்கம். என் வண்டியைவிடச் சக்தி மூன்றே குதிரை அதிகம். மார்ச் மாதம் அப்படி ஒன்று பின்நேர்ச்சாலையின் முடிவில் என் பின்னால் வந்தது. 15-ஆம் வளைவில் நான் பிரேக் மிதித்த பிறகும் அது மிதிக்கவில்லை. உள்பக்கமாக நுழைந்து போயே போய்விட்டது.

அன்றைக்கு என்னுடைய நல்ல சுற்று 3:02.6. தொட்டியில் கால்பங்கு எண்ணெய் (பெட்ரோல்), 195/50 டயர், வெயில், காய்ந்த தளம். இதுதான் தொடக்கக் கணக்கு.

முதல் வேலை, இப்போது எவ்வளவு எடை என்று பார்ப்பது. குளியலறைத் தராசு நான்கை வாங்கிச் சக்கரத்துக்கு ஒன்றாக வைக்கலாம் என்று நினைத்தேன். ஒரு சக்கரத்தில் 250 கிலோ நிற்கும், தராசு தாங்குவது 150. இரண்டு தராசுக்கு மேல் பலகை போட்டுப் பார்த்தேன். பலகை விரிசல் விட்டது, ஒரு தராசின் கண்ணாடி உடைந்தது. நல்லவேளை, அது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதில்லை.

பிறகு பத்துமலைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையின் லாரித் தராசில் ஏற்றினேன். பத்து வெள்ளி. ஆள் இறங்கிய பிறகு 1,000 கிலோ என்று காட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தராசு 20 கிலோ 20 கிலோவாகத்தான் தாவும் என்பதைக் கவனித்தது இரண்டு மாதம் கழித்து, எல்லாம் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றியபோது. அப்போது 940 என்றது. அதாவது நான் கழற்றியது 41 கிலோவாகவும் இருக்கலாம், 79 கிலோவாகவும் இருக்கலாம். கடைத் தவுக்கே (முதலாளி) சிரித்துக்கொண்டே, "இரும்பு விக்கிறவனுக்கு இது போதும் பாஸ்" என்றார்.

எனவே உண்மையான கணக்கைச் சொன்னது 18 வெள்ளிக்கு வாங்கிய தொங்குதராசு, விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுத்துப் பார்ப்பார்களே, அது. கழற்றிய ஒவ்வொரு சாமானையும் ஒரு கயிற்றில் கட்டி, போர்ச் கம்பியில் தொங்கவிட்டு எழுதிக்கொண்டேன். அம்மா மீன்காரரைக் கூப்பிடவா என்று கேட்டார்.

மாற்று டயர், ஜேக், கருவிப்பை: 14.2 கிலோ. பத்து நிமிட வேலை, காசு கிடையாது. இதைவிட மலிவான எடைக்குறைப்பு உலகத்தில் இல்லை. கார்பெட், அடியில் இருக்கும் கம்பளித் தட்டை, பூட் உறை எல்லாம் 8.3. ஓட்டுநர் இருக்கை 15.4 கிலோ, அதற்குப் பதில் போட்ட பக்கெட் இருக்கை தண்டவாளத்தோடு 8.9. அது 780 வெள்ளி. பேட்டரியை மாற்றியதில் 4.7 குறைந்தது, 320 வெள்ளி. சின்னப் பேட்டரி, இரண்டு வாரம் ஓட்டாமல் விட்டால் கிளம்பாது, இப்போது தினமும் ஒரு கம்பியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தார் அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருக்கைக்கு அடியில் சத்தம் தடுக்க ஒட்டியிருப்பார்கள். முதலில் சூடுகாற்றுத் துப்பாக்கியும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோலாலம்பூர் மத்தியான வெயிலில் அது ஏற்கனவே பாதி உருகித்தான் இருந்தது. சூடு காட்டியதும் பஞ்சாமிர்தம் மாதிரி இழுபட்டது. கை, கால்சட்டை, இருக்கைப் பட்டி, எல்லாவற்றிலும் கருப்பு. மறுநாள் 60 வெள்ளிக்கு உலர்பனிக்கட்டி வாங்கி, கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்து (மூடிய இடத்தில் அந்த வாயு ஆளையே சாய்த்துவிடும்), ஒரு பழைய தலையணை உறையில் கட்டி அட்டைமேல் வைத்தேன். பத்து நிமிடத்தில் தார் விறைத்தது. சுத்தியலால் தட்டினால் அப்பளம் நொறுங்குவது போல் உடைந்து வந்தது. பார்க்கவே ஆனந்தம். பிறகு நிறுத்தேன்: 3.8 கிலோ. இரண்டு நாள், முதுகுவலி, ஒரு கால்சட்டை, எல்லாம் 3.8 கிலோவுக்கு. இனிமேல் செய்யமாட்டேன்.

ரிம் மாற்றியதுதான் பெரிய செலவு. பழசு டயரோடு சேர்த்து ஒன்று 17.3 கிலோ. பயன்படுத்திய என்கெய் ரிம் ஒரு செட் 1,350 வெள்ளிக்குக் கிடைத்தது. அதே டயரைக் கழற்றி இதில் போட்டதும் 13.1. நான்குக்கும் 16.8 கிலோ. அதைவிட முக்கியம், இது சுழலும் எடை, அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. வீட்டுத் தெருவின் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதே வித்தியாசம் தெரிந்தது.

கடைசியாக ஏர்கான். ஒரு கடையில் 40 வெள்ளி கொடுத்து வாயுவை முறையாக உறிஞ்சி எடுக்கச் சொன்னேன். கம்ப்ரசர், கண்டென்சர், குழாய், தாங்கி எல்லாம் சேர்த்து 17.6 கிலோ, அத்தனையும் முன்பக்கத்தில். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஊர் வெயில்ல காடிக்கு ஏர்கான் போடத்தான் காசு சேத்து வெப்பாங்க. கழட்டுறவன இப்பதாண்டா பாக்குறேன்."

மொத்தம் 71.9 கிலோ.

பின்பக்கச் சுமை போனதும் வண்டி பின்னால் ஐந்து மில்லிமீட்டர் போலத் தூக்கிச் சேவல் மாதிரி நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. காயில்ஓவர் வளையத்தை நானே திருகி உயரத்தைச் சரிசெய்தேன். அளவுகோல்? சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மூன்று விரல். நான்கு பக்கமும் மூன்று விரல் வந்ததும் திருப்தி. இந்தத் திருப்திதான் எல்லாவற்றையும் கெடுத்தது, ஆனால் அது தெரிய இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

மே மாதம் மறுபடி சிப்பாங். வீடு இருக்கும் செந்தூலில் இருந்து போகும் வழியில் தொட்டியை நிறைய நிரப்பிக்கொண்டேன், போன தடவை மதியம் எண்ணெய் தேடி வெளியே போன கோபத்தில். 45 லிட்டர் தொட்டி. மார்ச்சில் இருந்ததைவிட 33 லிட்டர் அதிகம் என்று வைத்தால் 24 கிலோ. எஃப்1-இல் 10 கிலோ எண்ணெய்க்குச் சுற்றுக்கு 0.3 வினாடி என்று பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். அவர்கள் கிராம் கிராமாகக் கழிக்கிறார்கள், நான் தார் சுரண்டி எடுத்ததைவிட ஆறு மடங்கை ஒரே நிறுத்தத்தில் ஊற்றிக்கொண்டேன்.

நேரம் 3:02.3. மார்ச்சைவிட 0.3 வினாடி குறைவு. ஜிபிஎஸ் கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று இரண்டு தடவை அணைத்துப் போட்டேன்.

ஓட்டும்போதே ஏதோ சரியில்லை என்று உடம்பு சொன்னது. 5-ஆம் வளைவு நீளமான வேகமான இடது வளைவு. அங்கே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டே போனது. 14-ஆம் வளைவு வலது, திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டிய இடம். அங்கே நேர்மாறாக வால் வீசியது. ஒரே வண்டி, இடப்பக்கம் ஒரு குணம், வலப்பக்கம் ஒரு குணம். எடை குறைந்ததால் டயருக்குப் பிடிப்பு போய்விட்டது என்று நானே ஒரு விளக்கம் கட்டி, உடன் வந்த மச்சானுக்கும் விளக்கினேன். அவரும் தலையாட்டினார்.

நாலு மணிக்கு வழக்கமான மழை. சிப்பாங் மழை தூறிப் பழக்கம் இல்லை, கொட்டும். இரண்டாவது வளைவில் இருந்தேன். பத்து வினாடிக்குள் முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக மூடிக்கொண்டது. ஏர்கான் இருந்தால் அந்தக் காற்றின் ஈரத்தை எடுத்து விசிறும், கண்ணாடி தெளியும். எனக்கு மிஞ்சியிருந்தது வெறும் விசிறி, வெளியில் இருக்கும் ஈரக்காற்றை உள்ளே கொண்டுவந்து கண்ணாடியில் பூசியது. கையுறையால் துடைத்தேன், துடைத்த கோடு வழியாக நாலு விரல் அகலம் தெரிந்தது, மறுபடி மூடியது. ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு, தளத்தின் ஓரக் கல்லைப் பார்த்தபடியே ஊர்ந்தேன். அந்தத் தளம் 5.543 கிலோமீட்டர். அன்றைக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. பின்னால் வருகிறவர்களுக்கு நான் தெரிவேனா என்ற பயம் வேறு. பிட்டில் வந்து நிறுத்தியபோது இடது தோள் காய்ந்திருந்தது, வலது தோளில் இருந்து தண்ணீர் சொட்டியது.

மறுவாரமே ஏர்கானைத் திரும்ப மாட்டினேன். புது ஓரிங்கு, டிரையர், வாயு எல்லாம் சேர்த்து 380 வெள்ளி. 17.6 கிலோ திரும்ப ஏறிக்கொண்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து குளிர் வருகிறதா என்று மட்டும் கையை வைத்துப் பார்த்தார்.

அடுத்தது அந்த இடது வலது குணம். பூச்சோங்கில் நான்கு சக்கரத் தராசு வைத்திருக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். குறுக்கு எடைச் சமன், அலைன்மெண்ட் இரண்டுக்கும் 450 வெள்ளி. தொலைபேசியில் கேட்டபோது, உங்கள் எடைக்குச் சமமாக ஏதாவது கொண்டு வாருங்கள், வண்டிக்குள் நீங்கள் உட்கார்ந்திருந்தால் நான் வேலை செய்வதை யார் பார்ப்பது என்றார் பட்டறை அண்ணன். நான் 82 கிலோ. பத்து கிலோ அரிசி மூட்டை எட்டும் இரண்டு கிலோ சீனியும் எடுத்துப் போனேன். ஆறு மூட்டை இருக்கையில், இரண்டு மூட்டை கால் வைக்கும் இடத்தில். சீனியை மடியில் வைத்தோம்.

அவர் செய்த விதத்தைப் பார்த்ததே பாதிப் பாடம். முதலில் நான்கு டயரிலும் காற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். பிறகு தராசுத் தட்டுகளைத் தரையில் வைத்து, ஒளிக்கோடு போட்டுப் பார்த்து, தாழ்ந்திருந்த தட்டுக்கு அடியில் தரை ஓடு போடும் மெல்லிய வினைல் துண்டுகளைச் செருகினார். இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் எண் பொய் சொல்லும் என்றார். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்க முன்னும் பின்னும் உள்ள சமன் கம்பிகளின் இணைப்பைக் கழற்றினார். வண்டியை ஏற்றி, நான்கு மூலையையும் அமுக்கி அமுக்கி விட்டார். எண் வந்தது:

முன் இடது 228, முன் வலது 287. பின் இடது 259, பின் வலது 253. மொத்தம் 1,027.

முன்பின் பங்கு ஏறக்குறைய சரிபாதி, அது மஸ்டாக்காரன் செய்து கொடுத்தது. குறுக்கே பார்த்தால்தான் நாற்றம்: முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 546, அதாவது 53.2 விழுக்காடு. நாலு கால் நாற்காலியில் இரண்டு கால் மட்டும் அழுத்தி நிற்கிற மாதிரி. "யார்ணே இத செட் பண்ணது?" என்று கேட்டார். நான் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து போர்ச்சில் தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்துப் பார்த்தேன். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள், ஒரு மூலைக்கும் எதிர்மூலைக்கும் 14 மில்லிமீட்டர் வித்தியாசம். அதில் நிறுத்தி மூன்று விரல் வைத்திருக்கிறேன்.

பட்டறை அண்ணன் முன் இடது வளையத்தையும் பின் வலது வளையத்தையும் கொஞ்சம் ஏற்றி, மற்ற இரண்டையும் கொஞ்சம் இறக்கி, ஒவ்வொரு தடவையும் அமுக்கி, எண் பார்த்து, ஒன்றரை மணி நேரத்தில் 244, 271, 243, 269-க்குக் கொண்டுவந்தார். குறுக்கே 514, பாதிக்கு ஒரு முடி அதிகம். பக்கவாட்டில் வலது இன்னும் 53 கிலோ கனம். அங்கே உட்கார்கிறவன் நான், அதற்கு வளையம் திருகி மருந்தில்லை. முன்பக்க கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, 2.2 பாகை உள்பக்கம். அரிசி வீட்டுக்குத் திரும்பியது, இன்னும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகஸ்ட்டில் மூன்றாவது தடவை. இந்த முறை கால்பங்கு எண்ணெய், காலை பத்து மணிக்கு முன். கழற்றியதில் மிச்சம் இருப்பது 54.3 கிலோ. நான்காவது சுற்றில் 2:59.9.

எங்கே குறைந்தது என்று கடிகாரத்தில் பிரித்துப் பார்த்தேன். பின்நேர்ச்சாலையின் உச்ச வேகம் மார்ச்சில் 163, இப்போது 165, அவ்வளவுதான். நீண்ட நேர்ச்சாலையில் வண்டியை மறிப்பது காற்று, அதற்கு நான் தார் சுரண்டியது தெரியாது. கிடைத்ததெல்லாம் பிரேக் பிடிக்கும் இடத்திலும் வளைவின் நடுவிலும். 15-ஆம் வளைவில் பத்து மீட்டர் தள்ளி மிதிக்க முடிகிறது. முன்பு ஐந்தாவது சுற்றிலேயே மிதி பஞ்சாகும், இப்போது எட்டுச் சுற்று தாங்குகிறது. முன் பிரேக் பேடை வெர்னியரில் அளந்தேன்: மார்ச்சில் 18 சுற்றுக்கு 1.9 மில்லிமீட்டர் தேய்ந்தது, இப்போது அதே 18 சுற்றுக்கு 1.3. ஐந்து விழுக்காடு எடை குறைந்ததற்கு இவ்வளவு வித்தியாசம் வராது. வால் வீசாததால் நான் பதறி மிதிப்பதும் குறைந்திருக்க வேண்டும்.

எடைக்கு எவ்வளவு, சமனுக்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழி தெரியாமல் இருந்தேன். அதைத் தீர்த்துவைத்தது அப்பா. அன்றைக்கு உடன் வந்திருந்தார், தலைக்கவசம் இரவல் வாங்கிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். தலைக்கவசத்தோடு அறுபது கிலோ. நான் கழற்றியதற்கு மேலே ஆறு கிலோ போல. ஆக, மார்ச் மாத எடை, ஆனால் ஆகஸ்ட் மாதச் சமன். மூன்று சுற்றில் நல்லது 3:01.5. 3:02.6-இல் இருந்து அதுவரை குறைந்தது பெரும்பாலும் 450 வெள்ளி வேலையும் லேசான ரிம்மும் தந்தது. அங்கிருந்து 2:59.9 வரைக்கும் எடை தந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேலே எடை என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா இடப்பக்கம் உட்கார்ந்ததில் வலது கனமும் கொஞ்சம் சரியாகியிருக்கும், எனவே இந்தக் கணக்கைத் தங்க நகை மாதிரி நிறுக்க வேண்டாம். 5-ஆம் வளைவில் அவர் கதவுப்பிடியைப் பிடித்த பிடியில் அது ஆட ஆரம்பித்துவிட்டது, அது தனிச் செலவு.

தளக் கட்டணத்தை விட்டுவிட்டால் 3,478 வெள்ளி. 54.3 கிலோவுக்கு வகுத்தால் கிலோ 64 வெள்ளி. ஆட்டிறைச்சி விலை என்றார் அம்மா.

மறுபடி தொடக்கத்தில் இருந்து செய்வதாக இருந்தால் வண்டியில் ஒரு ஆணியைக்கூடக் கழற்றாமல் முதலில் பூச்சோங் தராசில் ஏற்றுவேன். பிறகு மாற்று டயரை வீட்டில் வைப்பேன், ரிம்மை மாற்றுவேன், மறுபடி தராசு. தார், ஏர்கான், இரண்டையும் தொடமாட்டேன். கார்பெட்டை இந்த வாரம் திரும்பப் போடப் போகிறேன். 8.3 கிலோதான், ஆனால் பின்சக்கரம் வீசும் கல் தகரத்தில் அடிக்கும் சத்தத்தில் செந்தூலில் இருந்து சிப்பாங் வரை மச்சானும் நானும் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது.